மாமனார் உட்கார்ந்திருந்த நாற்காலி

மூட்டுவாதத் துறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் டாக்டர்களான உங்களிடம் அரைமணி நேரம் பேச வேண்டும் என்று துறையிலிருந்து கூப்பிட்டார்கள். வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். திருநகரிலிருந்து பஸ் ஏறி வந்து, பொன்னாடை போர்த்திக்கொண்டு, நீங்கள் மேசைக்கடியில் போனைப் பார்ப்பதை நான் பார்க்காததுபோல் இருந்து, கடைசியில் ஆறிப்போன வடையோடு குரூப் போட்டோ எடுத்துக்கொண்டு திரும்ப எனக்குத் தெம்பு இல்லை. எழுதித் தருகிறேன். படிக்கிறவர்கள் படியுங்கள்.

முதுகுத்தண்டு வாதத்துக்கு வைத்தியம் பார்ப்பதிலேயே என் பாதி ஆயுள் போயிற்று. குனியச் சொல்லி எப்படி அளப்பது, ஸ்கேனில் எதைப் பார்ப்பது என்பதையெல்லாம் உங்களுக்குச் சொல்லித்தர என்னைவிடக் கெட்டிக்காரர்கள் இருக்கிறார்கள். நான் செய்த ஒரு தப்பை மட்டும் சொல்கிறேன். ஆளின் பெயர், தொழில், ஊர் எல்லாவற்றையும் மாற்றியிருக்கிறேன். இது யாராக இருக்கும் என்று பழைய ஃபைல்களைக் கிளறாதீர்கள், உங்களுக்குப் புண்ணியமாகப் போகும்.

அவரைத் தவசி என்று வைத்துக்கொள்வோம். உசிலம்பட்டிப் பக்கம், வயது இருபத்தேழு. ஊர் ஊராகப் போய்ப் பால் கேன்களை ஏற்றிவந்து குளிரூட்டும் நிலையத்தில் இறக்கும் வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். இந்த நோயின் குணம் உங்களுக்குத் தெரியும். படுத்தால் கூடும், நடமாடினால் குறையும், விடிகாலையில்தான் உயிரை எடுக்கும். பால் வண்டிக்காரருக்கு விடிகாலையில்தான் வேலை. மூன்று வருடமாக டிஸ்க் என்றார்கள், வாயு என்றார்கள், சமயநல்லூரில் ஒருத்தர் எண்ணெய் போட்டு நீவி முதுகில் ஏறியே மிதித்திருக்கிறார். என்னிடம் வந்தபோது கழுத்து திரும்பவில்லை.

"ரிவர்ஸ் எடுக்கையில திரும்பிப் பாக்க முடியல டாக்டரம்மா. ஒடம்போட சேந்துதேன் திரும்பணும். போன மாசம் ஒரு கன்னுக்குட்டிய இடிச்சிட்டேன். பாத்துக்கிட்டே இருந்த மாமா ஒரு வார்த்தை பேசல."

அந்த மாமா, அதாவது மாமனார், பக்கத்து நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். வெள்ளை வேட்டி, வெற்றிலைக் கறை, இரண்டு கைகளையும் தொடையில் ஊன்றிக்கொண்டு. வேன் அவருடையது. மகளைக் கட்டிக்கொடுத்த கையோடு சாவியையும் கொடுத்திருக்கிறார். தவசி ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் ஓரக்கண்ணால் அவரைப் பார்த்தார். நான் அதைப் பார்த்தேன். மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.

அவரை நாற்காலியில் உட்காரவைத்ததே நான்தான். இந்த நோய்க்கு ஒரு புது ஊசியைச் சோதிக்கும் ஆராய்ச்சி அப்போது எங்கள் துறையில் நடந்தது, தவசியையும் அதில்தான் சேர்க்கவிருந்தோம். அது தொடங்கின புதிதில் ஒரு பையனைச் சேர்த்திருந்தோம். மறுவாரமே அவன் அம்மா வந்து, "எம் மகனுக்கு எலிக்குப் போடுற ஊசியப் போடப் பாக்குறீகளா?" என்று வராந்தாவே அதிரக் கத்தி, அவனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டாள். அன்றைக்கு நான் ஒரு வழக்கம் ஏற்படுத்தினேன். சம்மதப் படிவம் படிப்பதானாலும் கேள்விகள் கேட்பதானாலும் வீட்டுப் பெரியவர் ஒருவர் உள்ளே இருக்க வேண்டும். நம் பக்கத்தில் யார்தான் ஆஸ்பத்திரிக்குத் தனியாக வருகிறார்கள்? வெளியூர்க் கூட்டங்களில் இதைப் பெருமையாகச் சொல்லிக் கைத்தட்டல்கூட வாங்கியிருக்கிறேன். இப்போது நினைத்தால் கூசுகிறது.

சோதித்துப் பார்த்துக்கொண்டிருந்த ஊசி, உடம்பின் காவலைக் கொஞ்சம் தளர்த்தித்தான் வீக்கத்தைக் குறைக்கும். காவல் தளர்ந்தால், உடம்புக்குள் எங்கேயோ தூங்கிக்கிடக்கும் காசநோய்க் கிருமி எழுந்துகொள்ளலாம். அதனால் ஊசிக்கு முன்னால் ரத்தப் பரிசோதனை, நெஞ்சுப் படம், அப்புறம் ஒரு கேள்வி. வீட்டில் யாருக்காவது டிபி இருந்ததா? ஆம் என்றால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. சில மாதம் தடுப்பு மாத்திரை கொடுப்போம், ஊசி கொஞ்சம் தள்ளிப்போகும், அவ்வளவுதான். தவசிக்கு ரத்தமும் படமும் சுத்தமாக வந்தன. ரத்தப் பரிசோதனை சில நேரம் ஏமாற்றும் என்று எனக்குத் தெரியும். அதற்காகத்தானே அந்தக் கேள்வி.

"தவசி, வீட்ல யாருக்காச்சும் டிபி இருந்துச்சா? கூடப் பொறந்தவங்க, கூடப் படுத்து எந்திரிச்சவங்க?"

"அப்பிடியெல்லாம் யாருக்கும் இல்ல டாக்டரம்மா."

மாமனாரும் சேர்ந்துகொண்டார். "நல்லா விசாரிச்சுத்தேன் பொண்ணு குடுத்தோம். சீக்குப் பிடிச்ச குடும்பமெல்லாம் இல்ல."

'இல்லை' என்று கட்டத்தில் குறியிட்டேன். அதற்கு முழுதாக ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

முதல் சில மாதம் பாதிப் பேருக்கு மருந்து, மீதிப் பேருக்கு மருந்தில்லாத ஊசி. யாருக்கு எது என்று எங்களுக்கும் தெரியாது. அதன் பிறகு எல்லோருக்கும் மருந்துதான். அந்த இரண்டாம் கட்டத்தில் தவசி ஒருநாள் கதவைத் தட்டாமலே உள்ளே வந்தார்.

"டாக்டரம்மா, திரும்பிப் பாத்துட்டேன்! ரிவர்ஸ்ல. தலைய மட்டும் திருப்பி. கிளீனரு பின்னால நின்னு பல்லக் காட்டுறான், அதக்கூடப் பாத்தேன்!"

தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக் காட்டினார். நர்ஸ் ஜெரினா சிஸ்டர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை, ஏன் மறைக்க வேண்டும்? இந்தத் தொழிலில் இப்படிப்பட்ட நாட்கள் கொஞ்சம்தான் வரும்.

அந்தச் சந்தோஷம்தான் பிறகு என் கண்ணை மறைத்தது என்று நினைக்கிறேன். நாலைந்து மாதம் கழித்து ஒரு வருகையில் எடை பார்த்தால் மூன்று கிலோ குறைந்திருந்தது.

"ஊர்ல காப்புக் கட்டியிருக்கு டாக்டரம்மா. ஒரு நேரந்தேன் சாப்பாடு" என்றார் தவசி. கையில் மஞ்சள் கயிறு இருந்தது. பொய் சொல்லவில்லை.

"இருமல் இருக்கா? சாயங்காலம் காய்ச்சல்?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல."

பேசும்போது தொண்டை மிட்டாய் வாசனை அடித்தது. ஜெரினா சிஸ்டர் என்னை வெளியே கூப்பிட்டார். கீழவாசல் பக்கத்துக்காரர், வாயைத் திறந்தால் எதையும் மிச்சம் வைக்கமாட்டார்.

"மேடம், அவரு பெல்ட்டப் பாத்தீகளா? புதுசா ரெண்டு ஓட்டை போட்டிருக்காரு. வெரதம் இருந்தா இம்புட்டா எளைப்பாக? நாங்க ஒரு மாசம் நோன்பு வைக்கிறோம், எங்க மச்சான் தொப்பை அப்பிடியேதான் கெடக்கு. இன்னைக்கு ஊசி வேணாம். நெஞ்சுப் படம் எடுத்துட்டு அப்புறம் பாப்போம்."

சரியாகத்தான் சொன்னார். ஆனால் அன்றைக்குப் படம் எடுக்கும் மெஷின் பழுது, நாளைக் காலைதான் என்றார்கள். அந்த ஊசிக்கு ஆராய்ச்சி விதி கொடுத்த கெடு அன்றோடு முடிகிறது. தள்ளினால் ஒரு விதிமீறல் எழுத வேண்டும், அதற்கு ஒரு விளக்கம், அந்த விளக்கத்துக்கு ஒரு விளக்கம். மருந்து கம்பெனியிலிருந்து வந்த மேற்பார்வையாளர் பக்கத்து அறையில் உட்கார்ந்து என் ஃபைல்களைப் புரட்டிக்கொண்டிருந்தார். ஏற்கனவே இரண்டு பேர் பாதியில் விலகியிருந்தார்கள். காலையிலிருந்து நான் ஒரு வாய் காபிகூடக் குடிக்கவில்லை. தவசி கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"நிப்பாட்டிராதீக டாக்டரம்மா. இது இல்லேன்னா நான் பழையபடி கட்டையாப் போயிருவேன். மாமா இப்பத்தேன் மூஞ்சி குடுத்துப் பேசுறாரு."

"சரி, போடுங்க சிஸ்டர். படத்தை அடுத்த தடவை எடுத்துக்கலாம்" என்றேன்.

ஜெரினா சிஸ்டர் சிரிஞ்சைத் தட்டில் வைத்தார். "நீங்க சொன்னாப் போடுறேன் மேடம். ஆனா எழுதிக் குடுங்க."

எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது. பேனாவைப் பிடுங்காத குறையாக வாங்கி, 'எடைக் குறைவு, விரதம் காரணமாக இருக்கலாம், ஊசி தொடரலாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்தத் தாள் இன்னும் ஃபைலில் இருக்கிறது. என் கையெழுத்து அவ்வளவு அழகாக வேறெங்கும் விழுந்ததில்லை.

மூன்று வாரம் கழித்து அவர் மனைவி போன் செய்தாள். "அவுக எந்திரிக்க மாட்டேங்குறாக டாக்டரம்மா. ஒடம்பு நெருப்பா கொதிக்குது. எச்சிலு துப்புனா ரெத்தமா வருது." உடனே கொண்டுவரச் சொன்னேன். நெஞ்சுப் படம் முழுக்கப் பொடிப்பொடியாகப் புள்ளிகள், இரண்டு பக்கமும். காசநோய் இடம் விடாமல் பரவியிருந்தது. படத்தை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை.

பத்து நாள் பிழைப்பாரா மாட்டாரா என்றிருந்தது. பன்னிரண்டாம் நாளோ என்னவோ, காய்ச்சல் இறங்கியது. எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டுக் கட்டிலருகே உட்கார்ந்தேன். ஆராய்ச்சியில் சேர்ந்த நாளிலிருந்து அவரோடு தனியாக உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. நான் ஒன்றும் கேட்கவே இல்லை. அவரே ஆரம்பித்தார்.

"எங்கண்ணனுக்கு இருந்துச்சு டாக்டரம்மா. எங் கல்யாணத்துக்கு முந்துன வருசம். ஆறு மாசம் மாத்திரை சாப்பிட்டான். ஒரே ரூமுலதேன் படுத்திருந்தோம். இப்ப நல்லாயிட்டான், திருப்பூர்ல இருக்கான்."

"அன்னைக்குக் கேட்டேனே தவசி. சொல்லியிருந்தா வெறும் மாத்திரையோட போயிருக்குமே."

கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தார். கழுத்தைத் திருப்பினால் வலி.

"மாமா பக்கத்துல உக்காந்திருந்தாரே டாக்டரம்மா. எப்பிடிச் சொல்ல?"

போர்வையைச் சரிசெய்கிற மாதிரி எதையோ செய்தேன்.

"அண்ணன் விசயம் மாமாவுக்குத் தெரிய வேணாம். எனக்கு வந்தது எனக்கு வந்ததாவே இருக்கட்டும். ஏமாத்திக் கட்டுனான்னு ஆயிரும். அது ஒண்ணுதேன் டாக்டரம்மா எனக்கு வெசனம்."

சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

நடந்ததை மேலே எழுத வேண்டும் அல்லவா? கம்பெனியிலிருந்து ஒருவர் போனில் மிகவும் நயமாகப் பேசினார். நோயாளி தகவலை மறைத்துவிட்டார் என்று ஒரு வரி போட்டால் போதும் மேடம், உங்கள் பேருக்கும் பங்கம் வராது என்றார். நான் கோபப்பட்டு போனை வைத்தேன் என்று எழுத ஆசைதான். வைக்கவில்லை. 'நோயாளி தகவலை மறைத்தார்' என்று முதல் வரியை எழுதியே விட்டேன். பொய்யும் இல்லையே! அரைமணி நேரம் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஜெரினா சிஸ்டர் வந்து, ஒரு வார்த்தை பேசாமல், என் கையெழுத்திட்ட தாளை மேசையில் விரித்துவைத்துவிட்டுப் போனார். என் வாழ்நாளில் யாரும் என்னை அப்படித் திட்டியதில்லை.

அந்த வரியை அடித்துவிட்டு எழுதினேன். மாமனாரை உட்காரவைத்துக்கொண்டு கேட்டது நான். எடை குறைந்திருந்தும் படம் எடுக்காமல் ஊசி போடச் சொன்னது நான். நர்ஸ் எச்சரித்தார், நான் கேட்கவில்லை. எங்கள் இடத்தில் புதிய ஆட்களைச் சேர்ப்பது நிறுத்தப்பட்டது. கூட வேலை பார்த்தவர்களில் சிலர் கேன்டீனில் என்னைக் கண்டால் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்கள். அவர்களுடைய வருடக்கணக்கான உழைப்பும் அதில் இருந்தது, அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

தவசி வீட்டில் எல்லோரையும் பரிசோதிக்க வேண்டியிருந்தது. இந்தத் தடவை ஒவ்வொருவராக, கதவைச் சாத்திவிட்டு, ஒரே ஒரு நாற்காலி போட்டு. மனைவிக்கு ஒன்றுமில்லை. மூன்று வயது மகளுக்கும் ஒன்றுமில்லை, தடுப்பு மருந்து ஆரம்பித்தோம். கடைசியாக மாமனார் வந்தார். அதே வெள்ளை வேட்டி. கைகளைத் தொடையில் ஊன்றி உட்கார்ந்து, சாத்தின கதவைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தார்.

"ஐயா, உங்களுக்கு முன்னாடி எப்பவாவது டிபி இருந்துச்சா?"

இவ்வளவுதான் கேட்டேன். அவர் மேல்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார், மறுபடியும் துடைத்தார்.

"இருந்துச்சு தாயி. வயசுப் புள்ளையா இருக்கையில. தேனிப் பக்கம் போயி, மில்லுல வேலைன்னு ஊருக்குச் சொல்லிட்டு, அங்கனயே இருந்து ஊசியும் மாத்திரையும் போட்டுக்கிட்டேன். கட்டுன பொண்டாட்டிக்குத் தெரியாது, அவ போயிச் சேந்துட்டா. எம் மகளுக்கும் தெரியாது."

அன்றைக்கு 'சீக்குப் பிடிச்ச குடும்பமெல்லாம் இல்ல' என்று இதே ஆள் சொன்னது எனக்கு நினைவு வந்தது. அவருக்கும் வந்திருக்க வேண்டும். என் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார்.

"மாப்ளைக்குத் தெரிய வேணாம் தாயி. இம்புட்டு நாளா என் மேல ஒரு மதிப்பு வச்சிருக்காக. நான் நிமிந்து ஒக்கார முடியாமப் போயிரும்."

எனக்கு எழுந்து கதவைத் திறந்து, வெளியே நிற்கிற ஆளை இழுத்துவந்து, இரண்டு பேரையும் எதிரெதிரே உட்காரவைத்து, 'அட மனுஷங்களா, பேசித் தொலைங்கய்யா!' என்று கத்த வேண்டும் போலிருந்தது. நாக்கு நுனிவரைக்கும் வந்தது. ஆனால் அது என் ரகசியம் இல்லை. அவரிடமும் வாக்குக் கொடுத்தேன்.

கிருமி யாரிடமிருந்து வந்தது என்று கேட்பீர்கள். கேட்காதீர்கள், அதைச் சொல்ல யாராலும் முடியாது. நான் நினைத்து நினைத்துச் சலித்தது வேறு. அன்றைக்கு அந்தப் பெரியவரை, 'ஐயா, செத்த வெளிய இருங்க' என்று அனுப்பியிருந்தால் போதும். அதற்கு மருத்துவப் படிப்புக்கூட வேண்டாம்.

காசநோய் முழுதாகக் குணமாயிற்று. ஆராய்ச்சியில் மறுபடி சேர விதி இடம் கொடுக்கவில்லை. பின்னால் அந்த ஊசி கடைக்கு வந்தபோதும் அவருக்கு எட்டாத விலையில் இருந்தது, வேறு வழியில் வாங்கித்தர நான் ஏறி இறங்கின படிகளும் பலிக்கவில்லை. மாத்திரையும் உடற்பயிற்சியுமாகச் சமாளித்தார். ஆனாலும் வருடா வருடம் படத்தில் எலும்புகள் ஒன்றோடொன்று சேர்ந்துகொண்டே வந்தன. வேனுக்கு வேறு டிரைவர் போட்டார்கள். தவசி பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பால் அளவு எழுதினார். மாமனார் அவரை ஒருநாளும் ஒரு சொல் சொன்னதில்லை என்று மனைவி சொன்னாள். ஒவ்வொரு வருகைக்கும் அவரே கூட்டிவந்தார். நான் ஓய்வு பெற்ற வாரத்திலும் இரண்டு பேரும் சேர்ந்துதான் வந்தார்கள்.

வழக்கம்போல ஒவ்வொருவராக. முதலில் தவசி. அளவெடுத்து, எழுதி முடித்து, நான் போகிறேன் என்று சொன்னதும் முகம் வாடிவிட்டது. எழுந்து கதவுவரை போனவர் நின்றார்.

"டாக்டரம்மா, அண்ணன் விசயம்... மாமாவுக்கு இன்னமும் தெரியாதுல்ல?"

"தெரியாது தவசி."

அப்புறம் பெரியவர். மாப்பிள்ளைக்குப் புதிதாக மருந்து ஏதாவது வந்திருக்கிறதா என்று எப்போதும்போலக் கேட்டார். இன்னும் இல்லை என்றேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, வெளியே சத்தம் போகாதபடி குனிந்தார்.

"மாப்ளைக்குத் தெரியாதுல்ல தாயி?"

"தெரியாதுங்கய்யா."

வராந்தாவரைக்கும் கூடப் போனேன். தவசி தூணோரம் நின்றிருந்தார். பெரியவர் அவர் கையிலிருந்த ஃபைலை வாங்கித் தன் கக்கத்தில் வைத்துக்கொண்டார், அவர் வேண்டாம் வேண்டாம் என்றார். பத்தடி போயிருப்பார்கள். தவசி விடைபெற என் பக்கம் திரும்பினார். கால், இடுப்பு, தோள், தலை என்று முழு உடம்பும் சேர்ந்தேதான் திரும்பியது.

"வாரேன் டாக்டரம்மா" என்றார். அவர் திரும்பி முடிக்கிறவரைக்கும் மாமனார் பக்கத்தில் நின்று, கையை நீட்டாமல், ஆனால் நீட்டத் தயாராக, பார்த்துக்கொண்டிருந்தார்.

உங்கள் அறையில் டாக்டர் மேசைக்கு எதிரே இப்போதும் மூன்று நாற்காலிகள் போட்டிருக்கிறார்களாம், ஜெரினா சிஸ்டர் சொன்னார். இரண்டைத் தூக்கி வெளியே போடுங்கள்.